அவைக்கு அஞ்சிய மாணவர்: இலண்டனில் மோகன்தாஸ் காந்தி

மேற்கு இலண்டனில் பரன்ஸ் கோர்ட் வீதி, 20ஆம் இலக்க இல்லத்தின் சுவரில் நீலநிற வட்டப்பலகை ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது. சட்ட மாணவராக இருந்த காலத்தில் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி அங்கு வாழ்ந்தார் என்பதை அது அறிவிக்கிறது. நகரின் நடுவே, பாராளுமன்றச் சதுக்கத்தில், 2015ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் நாள் திறந்துவைக்கப்பட்ட அவருடைய வெண்கலச் சிலை நிற்கிறது. பேச்சுக்குப் பேர்போன அரசியலாளர் பலரின் சிலைகளுக்கிடையே அவர் நிற்பதில் ஒரு விந்தை உண்டு. ஏனெனில், 1888 முதல் 1891 வரை இந்நகரில் பயின்ற அந்த மாணவர், நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்க அஞ்சியவர். தாமே எழுதி எடுத்துச் சென்ற ஒரு தாளைக்கூட வாசிக்க இயலாமல் பிறர் கையில் கொடுத்துவிட்டு அமர்ந்தவர்.

இந்த வரலாற்றை இன்று நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. இந்நாட்டுப் பாடசாலைகளில் நம் பிள்ளைகள் வகுப்பின் முன் எழுந்து நின்று ஒரு பொருள் பற்றிப் பேச வேண்டியவர்களாக இருக்கின்றனர். வீட்டில் ஓயாது பேசும் பிள்ளை அங்கே சொல்லிழந்து நிற்பதைப் பெற்றோர் அறிவர். பெற்றோர் நிலையும் வேறன்று. தஞ்சம் கோரி வந்தவர் ஓர் அதிகாரியின் முன்னோ தீர்ப்பாயத்தின் முன்னோ தம் வாழ்வு முழுவதையும் வாய்மொழியாக எடுத்துரைக்க வேண்டியிருக்கிறது. நா தடுமாறினால் பிள்ளைக்குக் குறைவது புள்ளி. பெற்றோருக்கோ வாழ்வே தடுமாறக்கூடும். வள்ளுவர் அவை அஞ்சாமைக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். போர்க்களத்துக்கு அஞ்சாதவர் பலர், அவைக்கு அஞ்சாதவர் சிலரே என்பதை அவர் அறிந்திருந்தார்.

அவைக்கு அஞ்சிய அந்த மாணவர் எவ்வாறு பேசத் தொடங்கினார் என்பதே இக்கட்டுரை ஆராயும் பொருள். அவருடைய அரசியலை எடைபோடுவது இதன் நோக்கமன்று.

நாணத்தோடு வளர்ந்தவர்

1869ஆம் ஆண்டு ஒக்டோபர் 2ஆம் நாள் கத்தியவாரின் கடற்கரை நகராகிய போர்பந்தரில் காந்தி பிறந்தார். தந்தையார் கரம்சந்த், சிற்றரசு ஒன்றின் திவானாகப் பணிபுரிந்தவர். அதிகாரமும் பேச்சும் நிறைந்த அவ்வீட்டில் இந்தப் பிள்ளை மட்டும் வாய் திறவாதவராக வளர்ந்தார். ராஜ்கோட்டில் படித்தபோது, மணி அடித்ததும் பாடசாலையிலிருந்து வீட்டுக்கு ஓடிவிடுவாராம். வழியில் எவரேனும் பேச்சுக் கொடுத்துவிடுவார்களோ, தம்மைக் கேலி செய்துவிடுவார்களோ என்ற அச்சமே அந்த ஓட்டத்துக்குக் காரணம் என்று தம் சுயசரிதத்தில் அவர் எழுதியுள்ளார்.

1888ஆம் ஆண்டு, பரிஸ்டர் படிப்புக்காக அவர் இலண்டன் செல்வது முடிவாயிற்று. தந்தையார் மூன்றாண்டுகளுக்கு முன்பே காலமாகிவிட்டார். வீட்டில் இளம் மனைவியும் கைக்குழந்தையும் இருந்தனர். கடல் கடப்பதை எதிர்த்த சாதியார் அவரை விலக்கிவைத்தனர். பயணச் செலவுக்குத் தமையனார் பொறுப்பேற்றார். அவ்வேளையில் ராஜ்கோட் உயர்தரப் பாடசாலையில் அவருக்குப் பிரிவுபசாரம் நடந்தது. நன்றி கூறச் சில வரிகளை எழுதி வைத்திருந்தார். எழுந்து நின்றபோது தலை சுழன்றது. உடல் முழுவதும் நடுங்கியது. அச்சில வரிகளைத் திக்கித் திணறிச் சொல்லி முடித்தார். அங்கு கூடியிருந்தோர் அந்நியர் அல்லர். தாம் பயின்ற பாடசாலையில், தம் மொழியினர் நடுவிலேயே அவர் நிலை அதுவாயிருந்தது.

கப்பலறையில் கழிந்த நாட்கள்

செப்டெம்பர் 4ஆம் நாள் பம்பாயிலிருந்து கப்பல் புறப்பட்டது. இரண்டாம் வகுப்புப் பயணிகளில் அவரும், ஒரே அறையில் தங்கிய திரியம்பக்ராய் மஜும்தார் என்ற வழக்கறிஞரும் தவிர ஏனையோர் ஆங்கிலேயர். பாடசாலையில் ஆங்கிலம் கற்றிருந்தாலும், அவர்கள் பேசியது காந்திக்கு எளிதில் விளங்கவில்லை. விளங்கியபோதும் மறுமொழி வரவில்லை. ஒவ்வொரு வாக்கியத்தையும் மனதுக்குள் முழுவதுமாகக் கட்டி முடித்த பின்னரே வெளியே விட வேண்டியிருந்தது. அதற்குள் கேட்டவர் அப்பால் போயிருப்பார். இந்த அனுபவம் இந்நாட்டுக்கு வந்த நம்மில் பலருக்குப் புதிதன்று.

உணவு மேசையில் எந்தப் பதார்த்தத்தில் இறைச்சி இல்லை என்று கேட்கத் துணிவில்லை. கத்தியும் முள்ளும் பிடிக்கும் முறையும் தெரியவில்லை. ஆகவே வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பலகாரங்களையும் பழங்களையும் உண்டு கப்பலறையிலேயே நாட்களைக் கழித்தார். சட்டத்தொழில் செய்ய விரும்புபவனுக்கு நாக்கு நீளமாக இருக்க வேண்டும், பிழை வந்தாலும் ஆங்கிலத்தில் பேசிப் பழகு என்று மஜும்தார் எவ்வளவோ புத்தி கூறினார். பயன் விளையவில்லை.

ஒரு கினிக்கு வாங்கிய நாவன்மை

இலண்டனில் அவர் முதலில் செய்த முயற்சி, நம்மவர் பலரும் செய்யும் முயற்சியே. வெளித்தோற்றத்தால் ஆங்கிலேயனாகிவிட்டால் உள்ளே துணிவு தானே வரும் என்று எண்ணினார். பத்தொன்பது ஷில்லிங்குக்கு உயர்ந்த தொப்பி வாங்கினார். பொண்ட் வீதியில் பத்துப் பவுண் செலவில் மாலை உடை தைப்பித்தார். நடன வகுப்புக்கு மூன்று பவுண், வயலினுக்கு மூன்று பவுண் என்று தமையனார் அனுப்பிய பணம் கரைந்தது. பேச்சுக்கலை கற்பிக்கும் ஆசிரியர் ஒருவருக்கு ஒரு கினி முன்பணமாகச் சென்றது. அந்த ஆசிரியர் பெல் என்பவரின் பேச்சுக்கலைப் பாடநூலை வாங்கச் சொன்னார். முதற் பாடம், ஆங்கிலப் பிரதமராயிருந்த பிட் ஆற்றிய ஓர் உரை.

இரண்டு மூன்று பாடங்களோடு அம்முயற்சி நின்றது. தாம் இங்கே வாழ்நாள் முழுவதும் இருக்க வந்தவர் அல்லர், படிக்க வந்த மாணவர் என்ற தெளிவு பிறந்தது. ஆசிரியருக்கு மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினார். இந்த மோகம் ஏறத்தாழ மூன்று மாதம் நீடித்ததாகப் பின்னாளில் கணக்குச் சொன்னார். பிட்டின் சொற்கள் பிட்டுக்குரியவை. அவற்றைக் குரல் ஏற்றி இறக்கிச் சொல்லிப் பழகுவதால், தமக்கெனச் சொல்ல ஒன்றும் இல்லாத இளைஞருக்குப் பேச்சு வந்துவிடாது.

உண்மையில் அவருக்குப் பயன் தந்தவை வேறு. நாளேடுகளை நாள்தோறும் ஒரு மணி நேரம் வாசித்தார். இலண்டன் மற்றிக்குலேசன் தேர்வில் முதல்முறை இலத்தீனில் தவறி, 1890 ஜூனில் மீண்டும் எழுதிச் சித்தியடைந்தார். தாயாருக்குக் கொடுத்த வாக்கைக் காக்க மரக்கறி உணவு தேடி மைல்கணக்கில் நடந்தார். அந்த நடை பரிங்டன் வீதியில் இருந்த ஒரு மரக்கறி உணவகத்தில் முடிந்தது. அங்கிருந்தே அவருடைய பொதுவாழ்வு தொடங்கியது.

பேசாத உறுப்பினர்

1890ஆம் ஆண்டு இலண்டன் மரக்கறி உணவாளர் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் காந்தி இடம்பெற்றார். கூட்டம் எதற்கும் தவறாது சென்றார், எதிலும் பேசவில்லை. தம்மோடு நன்றாக உரையாடும் இவர் குழுவில் மட்டும் வாய் திறவாதிருப்பதைக் கண்ட நண்பர் ஜோசையா ஓல்ட்பீல்ட், உழைக்காமல் உண்ணும் ஆண் தேனீயோடு அவரை ஒப்பிட்டு நகைத்தார். காந்தி அந்த நகைப்பை ஏற்றுக்கொண்டார். பேச விருப்பம் இல்லாமலில்லை. ஏனைய உறுப்பினர் தம்மைவிட நன்கறிந்தவர் என்ற எண்ணம் வாயைக் கட்டியது. துணிந்து பேச முற்படும் வேளையில் குழு அடுத்த பொருளுக்குப் போய்விடும்.

1891இல் அவருக்கு ஒரு சோதனை வந்தது. சங்கத்தின் தலைவர் ஆர்னோல்ட் ஹில்ஸ், கிழக்கு இலண்டனில் தேம்ஸ் இரும்புக் கப்பல் தொழிற்சாலையை நடத்திய செல்வர். அத்தொழிற்சாலை ஊழியருக்காக 1895இல் தொடங்கப்பட்ட உதைபந்தாட்டக் குழுவே பின்னர் வெஸ்ட் ஹாம் யுனைற்றட் ஆயிற்று. எதிர்ப்பக்கம் நின்றவர் மருத்துவர் தோமஸ் அலின்சன். இன்றும் இந்நாட்டுக் கடைகளில் மாவிலும் பாணிலும் காணப்படும் அலின்சன் என்ற பெயர் அவருடையதே. அலின்சன் கருத்தடை முறைகளை ஆதரித்து எழுதினார். ஒழுக்கத்தில் கடும் பற்றுடைய ஹில்ஸ் அவரைச் சங்கத்திலிருந்து நீக்க விரும்பினார்.

காந்திக்கு அலின்சனின் கருத்தில் உடன்பாடில்லை. ஹில்ஸிடம் அவருக்கு மதிப்பும் இருந்தது. ஆயினும், மரக்கறி உணவைப் பரப்புவதற்கென அமைந்த சங்கத்திலிருந்து ஒருவரை வேறொரு கொள்கையின் பொருட்டு வெளியேற்றுவது நீதியன்று என்று அவருக்குப் பட்டது. பேசாதிருப்பது கோழைத்தனம் என்று மனம் சொன்னது. தம் கருத்தை எழுதி எடுத்துச் சென்றார். குழுவில் அதை வாசிக்கவும் துணிவு வரவில்லை. தலைவர் வேறொருவரைக் கொண்டு அதனை வாசிப்பித்தார். அலின்சன் தோற்றார். காந்தி பொதுவாழ்வில் ஈடுபட்ட முதற் போராட்டங்களில் ஒன்றிலேயே தோற்ற பக்கத்தில் நின்றார். எனினும், நியாயமான பக்கத்தில் நின்றோம் என்ற நிறைவு அவருக்கு இருந்தது.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அவருக்குக் குரல் வரவில்லையே தவிர, கருத்து வந்துவிட்டது. தமக்கு மதிப்புக்குரிய தலைவருக்கு எதிராக, தாம் உடன்படாத ஒருவருக்காக எழுதும் துணிவும் வந்துவிட்டது. அதே ஆண்டில் சங்கம் சார்ந்த வெஜிடேரியன் என்ற வார ஏட்டில் இந்தியரின் உணவு, பண்டிகைகள் பற்றி அவர் தொடர்ந்து கட்டுரைகள் எழுதினார். நாவுக்கு முன் பேனா விடுதலை பெற்றது.

இரண்டு தோல்விகள்

வைற் தீவில் உள்ள வென்ற்னர் என்ற கடற்கரை ஊரில் மரக்கறி உணவு பற்றிய கூட்டம் ஒன்றுக்கு அவரும் மஜும்தாரும் அழைக்கப்பட்டனர். உரையை எழுதி வாசிப்பது பிழையன்று என்று விசாரித்து உறுதி செய்துகொண்டு, ஒரு தாள் அளவுக்கு எழுதிச் சென்றார். எழுந்து நின்றதும் கண் இருண்டது, கால்கள் நடுங்கின. அந்த ஒரு தாளை மஜும்தார் வாங்கி வாசித்தார். மஜும்தார் தம் சொந்த உரையைச் சிறப்பாக ஆற்றிக் கைதட்டல் பெற்றபோது, காந்தி வெட்கத்தால் குன்றிப்போனார்.

1891 ஜூன் 10ஆம் நாள் அவர் பரிஸ்டர் ஆனார். 12ஆம் நாள் கப்பல் ஏறினார். புறப்படுவதற்கு முன் ஹோல்போர்ன் உணவகத்தில் மரக்கறி உணவாளர் நண்பர்களுக்கு விருந்தளித்தார். அன்றைக்குரிய உரையைச் சில வாக்கியங்களில், நகைச்சுவையோடு அமைத்திருந்தார். பாராளுமன்றத்தில் முதன்முறை பேச எழுந்து, தொடக்கச் சொல்லையே மும்முறை கூறிவிட்டு மேலே செல்ல இயலாது அமர்ந்த அடிசன் என்ற எழுத்தாளரின் கதையோடு தொடங்க எண்ணினார். முதல் வாக்கியத்தோடு நினைவு அறுந்தது. அடிசனின் கதையைச் சொல்ல வந்தவர் அடிசனின் நிலையையே அடைந்தார். வந்தோர்க்கு நன்றி என்று மட்டும் கூறி அமர்ந்துவிட்டதாக அவர் எழுதியுள்ளார்.

ஆனால் இந்நிகழ்ச்சிக்கு இன்னொரு சான்றும் உண்டு. அதே மாதத்தில் வெஜிடேரியன் ஏடு அவ்விருந்தைப் பற்றிய செய்தியை வெளியிட்டது. காந்தி சற்றே பதற்றத்துடன், ஆயினும் நயமாகப் பேசினார் என்றும், இங்கிலாந்தில் மரக்கறி உணவுப் பழக்கம் வளர்வது குறித்து மகிழ்ந்தார் என்றும், ஓல்ட்பீல்ட் தமக்குச் செய்த உதவியை உருக்கமாக நினைவுகூர்ந்தார் என்றும் அச்செய்தி கூறுகிறது. பேசியவர் நெஞ்சில் படுதோல்வியாகப் பதிந்த ஒன்று, கேட்டவர் கண்ணுக்குச் சிறு பதற்றமாகவே தெரிந்திருக்கிறது. பேசுபவன் தன் நெஞ்சின் படபடப்பைக் கேட்கிறான். அவையோர் அதைக் கேட்பதில்லை. வகுப்பில் பேசிவிட்டுக் கண்கலங்கி வீடு திரும்பும் பிள்ளைக்கு எடுத்துச் சொல்லத்தக்க செய்தி இது.

முப்பது ரூபா வழக்கு

பரிஸ்டர் பட்டம் நாவைத் திறக்கவில்லை. பம்பாயின் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் மமிபாய் என்ற பெண்ணுக்காக முதன்முதலில் தோன்றினார். கட்டணம் முப்பது ரூபா. எதிர்த்தரப்புச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். நீதிமன்றமே சுழல்வது போல இருந்தது. ஒரு கேள்வியும் தோன்றவில்லை. வழக்கை வேறொருவரிடம் ஒப்படைக்கும்படி கூறிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறினார். துணிவு வரும்வரை வழக்கு ஏற்பதில்லை என்று முடிவுசெய்து ராஜ்கோட்டுக்குத் திரும்பி, விண்ணப்பங்கள் எழுதிக் கொடுத்துப் பிழைத்தார்.

பிரிட்டோரியாவில் பிறந்த பேச்சு

1893ஆம் ஆண்டு, தாதா அப்துல்லா என்ற வணிக நிறுவனத்தின் வழக்குக்காக நூற்றைந்து பவுண் ஊதியத்தில் தென்னாபிரிக்கா சென்றார். முதல் வகுப்புப் பயணச்சீட்டு இருந்தும், நிறத்தின் பொருட்டு பீற்றர்மரிட்ஸ்பேர்க் நிலையத்தில் புகையிரதத்திலிருந்து அவர் தள்ளப்பட்ட நிகழ்ச்சியை உலகம் அறியும். அதனை அடுத்து நடந்ததை அவ்வளவு பேர் அறியார்.

பிரிட்டோரியாவை அடைந்த சில நாட்களிலேயே அங்குள்ள இந்தியரை ஒன்றுகூட்ட விரும்பினார். வணிகர் ஒருவருடைய இல்லத்தில் கூட்டம் நடந்தது. வந்தோரில் பெரும்பாலோர் மேமன் வணிகர், இந்துக்கள் சிலர். அங்கே காந்தி பேசினார். அதுவே தம் வாழ்வின் முதற் பொதுப்பேச்சு என்று அவர் கூறியுள்ளார். இலண்டனில் நடந்தவற்றை அவர் பேச்சாகக் கணக்கிலெடுக்கவில்லை போலும்.

அன்று அவர் எடுத்துக்கொண்ட பொருள், வணிகத்தில் வாய்மை. வணிகமும் உண்மையும் ஒத்துப்போகா என்று வணிகர் சொல்லக் கேட்டிருந்தார். அதை மறுத்தார். அந்நிய நாட்டில் ஒருவருடைய நடத்தை அவருடைய மக்கள் அனைவருக்கும் பெயர் தேடித்தரும் என்றார். சுகாதாரக் குறைகளை மறைக்காமல் சுட்டினார். மதம், மாகாணம் என்ற பிரிவுகளை மறந்து ஒரு சங்கம் அமைக்க வேண்டும் என்றார். அச்சங்கத்துக்குத் தம் நேரத்தையும் உழைப்பையும் தருவதாக உறுதி கூறினார். தலை சுழலவில்லை. கால் நடுங்கவில்லை. பேச்சைப் பிறர் வாசிக்கவில்லை.

என்ன மாறியது? இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் எந்தப் பேச்சாசிரியரிடமும் அவர் பயிலவில்லை. ஆனால் மூன்று நிலைமைகள் மாறியிருந்தன. பேசவேண்டிய பொருளை அவர் நன்கு ஆராய்ந்து சென்றார். கேட்டவர் தம்மை அளந்து பார்க்கும் அந்நியர் அல்லர். தம்மைப் போலவே இழிவுபட்டவர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வென்ற்னரிலும் ஹோல்போர்னிலும் தாம் எவ்வாறு தோன்றுவோம் என்ற கவலை அவரை ஆட்கொண்டிருந்தது. பிரிட்டோரியாவில் அவர்கள் என்ன ஆவார்கள் என்ற கவலை அவரை ஆட்கொண்டது. கவலையின் பொருள் மாறியதும் நாவின் கட்டு அவிழ்ந்தது.

அக்கூட்டத்தின் பயனாக இன்னொன்றும் நடந்தது. ஆங்கிலம் அறியாததால் அவதியுறுவோர்க்குத் தாமே கற்பிப்பதாகக் கூறினார். மூவர் முன்வந்தனர்: ஒரு சிகை அலங்கரிப்பவர், ஓர் எழுதுவினைஞர், ஒரு சிறுகடைக்காரர். அவர்களுக்கு வகுப்புக்கு வர நேரமில்லை. ஆகவே ஆசிரியரே அவர்களின் கடைகளைத் தேடிப் போனார். சில மாதங்களில் இருவர் கணக்கெழுதவும் வணிகக் கடிதம் வரையவும் தேறினர். சிகை அலங்கரிப்பவருக்கு வாடிக்கையாளரோடு பேசும் அளவே போதுமாயிருந்தது. ஐந்தாண்டுகளுக்கு முன் கப்பலறையில் ஆங்கிலத்துக்கு அஞ்சி ஒளிந்திருந்தவர் இந்த ஆசிரியர்.

பிறரைப் பேசவைத்தவர்

1894 ஓகஸ்டில் நேற்றால் இந்தியக் காங்கிரஸ் தோன்றியது. உறுப்பினர் பலர் கூட்டங்களில் பேசிப் பழகாதவர். எழுந்து நிற்கவே தயங்கினர். காந்தி அவர்களுக்குக் கூட்டம் நடத்தும் நெறிமுறைகளை விளக்கினார். எவர், எப்பொழுது, எதைப் பற்றிப் பேசலாம் என்ற ஒழுங்கு தெரிந்ததும் அச்சம் குறைந்தது. அவை முன் ஒருநாளும் வாய் திறவாதவர் பலர் பொதுக் காரியங்களைச் சிந்தித்துப் பேசும் பழக்கத்தைப் பெற்றனர். அங்கேயே பிறந்து வளர்ந்த இளைஞர்க்கெனக் கல்விச் சங்கம் ஒன்றும் அமைந்தது. ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டோரின் பிள்ளைகளே அதிற் பெரும்பாலோர். தம் குறைகளை எடுத்துச் சொல்லவும் விவாதிக்கவும் அவர்களுக்கு அதுவே களமாயிற்று. தாம் பட்ட அவதியை மறவாதவரே பிறர் தயக்கத்தைப் புரிந்துகொள்ள வல்லவர்.

அக்காலத்தில் அவரிடம் வந்தவருள் பாலசுந்தரம் என்ற தமிழர் ஒருவர். டேர்பனில் வெள்ளையர் ஒருவரிடம் ஒப்பந்தக் கூலியாக இருந்தவர். எசமானன் அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் குருதி ஒழுக, கிழிந்த உடையோடு, தலைப்பாகையைக் கையில் ஏந்தி அழுதபடி நின்றார். அவர் சொன்னதைக் காந்தியின் தமிழ் எழுதுவினைஞர் மொழிபெயர்த்தார். காந்தி முதலில் மருத்துவச் சான்றிதழ் பெற்றார். பின்னர் நீதவானிடம் முறையிட்டார். இறுதியில் பாலசுந்தரத்தை வேறொரு எசமானனிடம் மாற்றுவித்தார். தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளும்படியும் கூறினார். தமிழில் அழுத ஒருவருடைய துயரம் அதிகாரத்தின் மொழியில் எடுத்துச் சொல்லப்பட்ட நாள் அது. உடைந்த வாயோடு நிற்பவருக்காகப் பேச வேண்டியவர்க்குத் தம் நாணத்தைப் பேணிக்கொண்டிருக்க நேரமில்லை. இச்செய்தி தோட்டமெங்கும் பரவிற்று. தமிழ் உழைப்பாளிகள் காந்தியிடம் வரத் தொடங்கினர். அவர்களுக்காகவே தமிழ் கற்க முயன்றார். பின்னர் தென்னாபிரிக்கச் சிறைகளிலும் அம்முயற்சியைத் தொடர்ந்தார். வாசிக்கக் கற்றாரேயன்றித் தமிழில் பேச அவருக்கு ஒருபோதும் வரவில்லை.

அச்சம் முற்றாக அகலவில்லை

துணிவு ஒருமுறை வந்தால் நிலைத்துவிடும் என்று எண்ணுவோர் 1896ஆம் ஆண்டைப் பார்க்க வேண்டும். தென்னாபிரிக்க இந்தியரின் நிலையை எடுத்துரைக்கத் தாயகம் சென்றார். செப்டெம்பர் 26ஆம் நாள் பம்பாயில் பெரோஸ்ஷா மேத்தா தலைமையில் பெருங்கூட்டம் கூடியது. மேத்தாவின் அறிவுரைப்படி உரை முன்கூட்டியே அச்சிடப்பட்டிருந்தது. வாசிக்கத் தொடங்கியதும் பழைய நடுக்கம் திரும்பியது. உரக்கப் பேசும்படி மேத்தா ஊக்கினார். ஊக்க ஊக்கக் குரல் இறங்கியது. முடிவில் டின்ஷா வாச்சா என்ற பேச்சாளர் அதனை வாசித்தார். அவை ஆர்ப்பரித்தது. வென்ற்னரில் நடந்தது ஐந்தாண்டுகளின் பின் மீண்டும் நடந்தது.

ஆனால் இம்முறை அவர் பின்வாங்கவில்லை. ஒரு மாதத்தின் பின், ஒக்டோபர் 26ஆம் நாள், சென்னைப் பச்சையப்பன் மண்டபத்தில் பேசினார். பாலசுந்தரத்தின் கதை சென்னை மக்களை ஏற்கெனவே எட்டியிருந்தது. நீண்ட உரையை அவை சொல் விடாது கேட்டது. கூட்டம் முடிந்ததும் அவர் எழுதிய துண்டுநூலுக்காக மக்கள் முண்டியடித்தனர். பேச்சாளரின் குரலில் புதிய வலிமை ஏதும் வந்துவிடவில்லை. கேட்டவர்க்கு அது தம்மவரின் கதையாக இருந்தது.

1906 செப்டெம்பர் 11ஆம் நாள், ஜோகன்னஸ்பேர்க்கின் எம்பயர் அரங்கில், கட்டாயப் பதிவுச் சட்டத்துக்குப் பணிவதில்லை என்று இந்தியர் ஆயிரக்கணக்கில் கூடி உறுதி எடுத்தனர். உறுதிமொழி என்றால் என்ன, அதைக் காப்பதற்கு எத்தனை துன்பம் நேரலாம் என்பதை அன்று காந்தி அமைதியாக விளக்கினார். அவையைக் கிளர்ந்தெழச் செய்யும் பேச்சன்று அது. எண்ணிப் பார்த்துக் கையுயர்த்துங்கள் என்று எச்சரித்த பேச்சு. 1927 நவம்பரில் யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸின் அழைப்பை ஏற்று நம் மண்ணுக்கு வந்தபோதும், கல்லூரிகளிலும் பொதுவிடங்களிலும் அவ்வாறே அடக்கமாகப் பேசினார்.

1931இல், அறுபத்திரண்டாம் வயதில், வட்டமேசை மாநாட்டுக்காக மீண்டும் இலண்டன் வந்தார். விடுதிகளை விட்டு, கிழக்கு இலண்டனின் போ பகுதியில் உழைப்பாளர் நடுவே இருந்த கிங்ஸ்லி மண்டபத்தில் தங்கினார். வந்த மறுநாளே அங்கிருந்து வானொலி வழியாக அமெரிக்க மக்களுக்குப் பேசினார். இந்தியரின் துணிப் புறக்கணிப்பால் வேலையிழந்திருந்த லங்காஷயர் நெசவாலைத் தொழிலாளரிடம் நேரிற் சென்று தம் நியாயத்தை எடுத்துரைத்தார். அதே காலத்தில் கொலம்பியா நிறுவனம் அவர் குரலை இசைத்தட்டில் பதிவு செய்ய விரும்பியது. அப்போது அவர் புதிதாக எதையும் பேசவில்லை. கடவுளைப் பற்றித் தாம் முன்பு எழுதிய ஒரு கட்டுரையை எடுத்து மெல்லிய குரலில் வாசித்தார். தாளைக் கையில் வைத்து வாசிப்பதில் இழிவொன்றும் இல்லை என்பதை அவர் அறிந்திருந்தார்.

நமக்குரிய பாடம்

முன்பின் அறியாத அவையில் தமக்குத் தயக்கம் இருப்பதையும், ஆயத்தமின்றிப் பேசுவது தமக்கு இயலாததையும் சுயசரிதத்தில் அவர் ஒளிவின்றிச் சொல்லியுள்ளார். அந்த நாணம் தமக்கு இழப்பாகவன்றிக் காப்பாகவே அமைந்தது என்றும் கருதினார். சொல்லை எண்ணிச் செலவழிக்க அது கற்பித்தது. பின்னாளில் வாரத்தில் ஒருநாளை மௌன நாளாகவே வைத்துக்கொண்டார்.

புலம்பெயர்ந்த நாடுகளில் நம் தமிழ்ப் பாடசாலைகள் ஆண்டுதோறும் பேச்சுப்போட்டி நடத்துகின்றன. ஆசிரியரோ பெற்றோரோ எழுதிக் கொடுத்ததைப் பிள்ளை மனனம் செய்து, கையை வீசி, குரலை உயர்த்தி ஒப்புவிக்கிறது. நடுவில் ஒரு சொல் மறந்தால் மேடையிலேயே விம்முகிறது. மொழிப்பற்றினால் செய்யப்படும் இப்பணியைக் குறை கூறுவது நோக்கமன்று. ஆயினும் பிட்டின் உரையைப் பிள்ளையின் கையில் கொடுக்கும் வேலையாகவே இது பல வேளைகளில் முடிந்துவிடுகிறது. பேச்சு வகுப்பால் அந்தச் சட்ட மாணவருக்குக் கிடைக்காதது இதனால் நம் பிள்ளைக்குக் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

பல்கலைக்கழகத்தில் விரிவுரை ஆற்றிய காலத்திலும் இக்கட்டுரையாளர் கண்டது இதுவே. பாடத்தை நன்கு அறிந்த மாணவர் அறியாமையால் மௌனம் காப்பதில்லை. பிறர் மதிப்பீட்டுக்கு அஞ்சியே மௌனம் காக்கின்றனர். அவர்களுக்குப் பொருளைத் தாமே தேர்ந்தெடுக்கும் உரிமையும், முதலில் எழுதிப் பார்க்கும் அவகாசமும், அறிமுகமானோர் சிலர் முன் பேசும் வாய்ப்பும் கிடைத்தால் நா மெல்ல எழும். பாட்டியார் ஊரைவிட்டு வந்த கதையைப் பிள்ளை தன் சொற்களில், வீட்டுக் கூடத்தில், ஐந்து பேர் கேட்கச் சொல்லட்டும். ஆங்கிலம் கலந்தாலும், இடையில் நின்றாலும் குறுக்கிடாது கேட்போம். கேட்பவர் இருக்கிறார் என்று அறிந்த பிள்ளைக்கு வகுப்பறை அவ்வளவு அச்சம் தராது.

பெரியோருக்கும் இதுவே பொருந்தும். தஞ்ச விசாரணைக்குச் செல்பவர் தம் கதையை முன்கூட்டியே தம் மொழியில் ஒழுங்காக எழுதி வைத்திருப்பதும், மொழிபெயர்ப்பாளர் சொன்னது விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று உடனே கூறுவதும் நாவன்மையைவிடப் பயன் தரும். அங்கே வேண்டப்படுவது சொற்பொழிவன்று. நடந்ததை நடந்தபடி சொல்லும் தெளிவே. பாலசுந்தரத்தின் வழக்கு நீதவானிடம் சென்றபோது அதைத் தாங்கி நின்றவை மருத்துவரின் சான்றும், நேர்மையாக மொழிபெயர்த்த ஒரு தமிழரின் சொல்லும், அவற்றை எடுத்துச் சென்ற ஒரு சட்டத்தரணியின் உழைப்பும். அந்தச் சட்டத்தரணி அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பு இதே இலண்டனில் ஒரு விருந்து மேசையின் முன் இரண்டாவது வாக்கியத்தை மறந்து நின்றவர்.